வீடும் சொல்லும்

பல ஊர் காண்டல் கல்விக்குத் துணையாம் என்பது நம்மவர் நெடுங்காலமாகக் கொண்டுள்ள கருத்து. நம் கலாசாலைகளும் அதனை மறந்தனவல்ல. ஆண்டுதோறும் மாணவர் குழுவினர் பேருந்தேறிப் புறப்படுகின்றனர். கோயிலும் கோட்டையும் கண்டு களிக்கின்றனர். படங்கள் பல எடுத்துக்கொண்டு மீள்கின்றனர். இவ்வழக்கம் நன்றே. ஆயினும், கட்டிடச் சிறப்பாற் பெயர் பெற்ற சிற்றூர் ஒன்றில் வழியிடை இறங்கும் மாணவன் ஆங்கு எதனைக் காண வேண்டும், எதனைக் கொண்டு மீள வேண்டும் என்னும் வினாவை எழுப்புவார் மிகச் சிலரே. தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய யாம் இவ்வினாவிற்கு ஒரு விடை கூற விழைகின்றோம்.

எம் கருத்தைச் சுருங்கக் கூறின் இதுவாம்: கட்டிடத்தின் தோற்றத்தைக் கொணர்வது மட்டும் போதாது, அதன் உறுப்புக்களின் பெயரையும் பயனையும் கேட்டறிந்து கொணர்தல் வேண்டும். வீடு இடிந்து வீழும்போது சுவரும் தூணும் மட்டும் வீழ்வதில்லை. அவற்றிற்கு வழங்கிய சொற்களும் உடன் வீழ்கின்றன. சுவரைக் காத்தல் பொறிவல்லார்க்கும் அரசினர்க்கும் உரிய தொழில் ஆகுக. சொல்லைக் காத்தல் நம்முடைய தொழிலாம்.

இதற்கு எடுத்துக்காட்டாக, சென்ற ஆண்டின் கல்விச் செலவில் யாம் தங்கிய தரங்கம்பாடியைக் கூறுவோம். சென்னையிலிருந்து கடலோரமாகத் தெற்கே செல்லும் சாலையில், புதுவையும் கடலூரும் சிதம்பரமும் கடந்து, கொள்ளிடத்தைத் தாண்டி, ஏறத்தாழ 280 கிலோமீட்டர் சென்றால் இவ்வூரை அடையலாம். நாகைக்கும் வேளாங்கண்ணிக்கும் செல்வோர் பலர் ஈண்டு ஒரு நாழிகை இறங்கிக் கடலையும் கோட்டையையும் பார்த்துவிட்டு ஏறிச் செல்வது வழக்கம். ஊர் சிறிது, அதன் வரலாறோ பெரிது.

பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்துக் கல்வெட்டில் இவ்வூர் சடங்கன்பாடி எனப்படுகின்றது. அக்காலத்து எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடலலை அரித்துவிட்டது. 1620-ஆம் ஆண்டில் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்ட டேனியர் இங்கே டான்ஸ்போர்க் கோட்டையை எழுப்பினர். 1701-இல் சீயோன் ஆலயம் எழுந்தது. 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சீகன்பால்கு ஐயரும் புளூட்சோ ஐயரும் கரையிறங்கினர். 1718-இல் புதிய எருசலேம் ஆலயம் பிரதிட்டை செய்யப்பெற்றது. சிலுவை வடிவாக அமைந்த அவ்வாலயத்தின் முகப்பில் டேனிய அரசர் நான்காம் பிரடெரிக்கின் முத்திரையெழுத்தை இன்றும் காணலாம். நகர வாயில் 1792-இல் எழுந்தது. 1845-இல் டேனியர் இவ்வூரை ஆங்கிலக் கம்பெனியாருக்கு விற்றனர். அதன்பின் கப்பல் வரத்துக் குன்றிற்று; வாணிகம் நாகைக்குப் பெயர்ந்தது; ஊர் உறங்கிற்று. அவ்வுறக்கமே ஒருவாற்றான் அதன் பழைய கட்டிடங்களைக் காத்தது எனலாம். இடித்துக் கட்டுதற்கு வேண்டிய செல்வம் அங்கே வந்து சேரவில்லை.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இவ்வூரையும் தாக்கிற்று. அதன் பின்னரே ஊரைப் புதுக்கும் பணி விரைந்தது. இன்டாக் எனப்படும் மரபுக்காப்பு நிறுவனத்தார் மேற்கொண்ட பணியிற் குறிப்பிடத்தக்க ஒன்றுண்டு. டேனியர் மாளிகைகளை மட்டுமன்றிப் பொற்கொல்லர் தெருவிலுள்ள எளிய தமிழ் வீடுகள் சிலவற்றையும் அவர்கள் செப்பஞ் செய்தனர். திண்ணையும் மரத்தூணும் ஓட்டுத்தாழ்வும் உடைய அவ்வீடுகளைக் காண்போர், கட்டிடச் சிறப்பு என்பது கோட்டைக்கும் ஆலயத்திற்கும் மட்டும் உரியதன்று என்பதை எளிதில் உணர்வர்.

யாம் சென்ற அன்று பழைய வீடொன்றில் வேலை நடைபெற்றுக் கொண்டிருந்தது. எம்மவருள் ஒருவர் தூணின் தலையிலிருந்த செதுக்கு மரத்தைச் சுட்டி, “ஐயா, இதற்குப் பெயர் என்ன?” என்று வினவினார். ஆங்கிருந்த முதிய தச்சர், “அது போதிகை, தம்பி. போதிகைமேல் உத்தரம், உத்தரத்தின்மேல் கைமரம், கைமரத்தின்மேல் சட்டம், அதன்மேல் ஓடு” என்று கீழிருந்து மேலாக ஏணியில் ஏறுவார் போல அடுக்கிக் கூறினார். அருகே சாந்து குழைத்துக்கொண்டிருந்த கொத்தனார், சுண்ணாம்பைப் பல நாள் புளிக்க வைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்து அரைப்பதன் பயனை விளக்கினார். அரை நாழிகைக்குள் யாம் எழுதிக்கொண்ட சொற்கள் 40-க்குக் குறைவின்றி இருந்தன. இவற்றுட் பல அகராதியில் உள்ளனவே. ஆயினும் அகராதி ‘தூணின் மேலுள்ள ஓர் உறுப்பு’ என்று கூறி அமையும். எவ்வுறுப்பு, எதனைத் தாங்குகின்றது, ஏன் அவ்வாறு அகன்று விரிகின்றது என்பவற்றைத் தச்சரின் சுட்டுவிரலன்றோ காட்டிற்று!

இனிச் சாளரம் என்னும் ஒரே உறுப்பை எடுத்துக்கொள்வோம். நாம் நாள்தோறும் வழங்கும் ‘சன்னல்’ என்பது போர்த்துக்கேசியர் தந்த சொல். டேனியர் தம் மொழியில் இதற்கு வழங்கும் சொல்லோ ‘காற்றின் கண்’ எனப் பொருள்படும் வட ஐரோப்பியப் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது; ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே. தரங்கைக்கு வடக்கே சிறிது தொலைவிலுள்ள பூம்புகாரின் மாளிகைகளைப் பாடிய இளங்கோவடிகள் இதனைக் ‘காலதர்’ என்றார். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் கண் என்றான் வடகடலோன். காற்றின் வழி என்றான் தென்கடலோன். இருவர் கருத்தும் ஒன்றே. கடலோரத்து வீட்டிற் காற்றுப் புகும் வழி எத்துணை இன்றியமையாதது என்பதைத் தரங்கை வீட்டு நடுமுற்றத்தில் நின்று உணர்ந்தவனுக்கு அச்சொல் உரையாசிரியர் துணையின்றியே விளங்கும்.

நிற்க. கட்டிடமறியாதவன் இலக்கியமும் அறியான் என்று கூறின் அது சிலருக்கு மிகையாகத் தோன்றலாம். முதலாழ்வார் மூவர் திருக்கோவலூரில் மழையிரவொன்றிற் சந்தித்த வரலாற்றை நாமெல்லாம் பயில்கின்றோம். ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவுடைய இடத்தில் அவர்கள் நெருங்கி நின்றனர் என்பது வரலாறு. அவ்விடம் எது? இடைகழி. தெருவாயிலுக்கும் உள்வாயிலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியே இடைகழி. அது பேச்சு வழக்கில் மருவி ‘ரேழி’ ஆயிற்று. அடுக்ககத்தில் பிறந்து வளர்ந்த மாணவனுக்கு இடைகழி என்பது வெறும் ஒலியாகவே நிற்கின்றது. திண்ணையைக் கடந்து, நிலைப்படி தாண்டி, வெயிலொளி குன்றிய அவ்வொடுங்கிய வழியிற் புகுந்து, அப்பால் முற்றத்தின் ஒளியைக் கண்டவனுக்கோ அக்கதை கண்முன் நிகழ்வது போலத் தோன்றும். நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை வகுக்கும் முறையைக் கூறுமிடத்தில், கட்டிட நூல் வல்லார் ஞாயிற்றின் நிழல்கொண்டு திசையறிந்து கயிறிட்டு அளந்தனர் என்கின்றார். நூலிட்டுச் சுவரெழுப்பும் கொத்தனாரை ஒரு முறையேனும் கண்டவனன்றோ அப்பகுதியை உள்ளவாறு உணர்வான்!

இச்சொற்களும் ஊர்தோறும் வேறுபடுகின்றன. தஞ்சை நாட்டார் ரேழி, கூடம், தாழ்வாரம் என்பர். செட்டிநாட்டார் முகப்பு, பட்டாலை, வளவு என்பர். யாழ்ப்பாணத்தார் முற்றத்தைச் சூழ நாற்புறமும் அமைந்த வீட்டை நாற்சார் வீடு என்பர். ஒவ்வொரு சொல்லும் அவ்வூர் மக்கள் வெயிலையும் மழையையும் விருந்தினரையும் எதிர்கொண்ட வகையைக் காட்டுகின்றது. இவற்றையெல்லாம் விடுத்து ‘ஹால்’, ‘பெட்ரூம்’ என்னும் இரு சொற்களுக்குள் தமிழ்நாட்டு வீடு முழுதும் அடங்கிவிடும் நாள் தொலைவில் இல்லை.

சொற்றொகுக்கும் தொழிலுக்கும் தரங்கைக்கும் பழைய தொடர்புண்டு. சீகன்பால்கு ஐயர் தமிழ் கற்றது மாளிகையில் அன்று. பள்ளிச் சிறுவரோடு உடனமர்ந்து மணலில் விரலால் எழுதியே அவர் எழுத்தறிந்தார். பின்னர்ப் பல்லாயிரம் சொற்களைத் தொகுத்தார். ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி, 1708-இல் அவற்றிற்கு ஒரு பட்டியலும் எழுதினார். 1719-இல் தம் 36-ஆம் அகவையில் அவர் மறைந்தபோது, புதிய எருசலேம் ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். அதன்பின் தரங்கைக்கு வந்து, அங்கிருந்து சென்னை வேப்பேரிக்குப் பெயர்ந்த பாப்ரிசியஸ் ஐயர், ஏறக்குறைய 9,000 சொற்கள் கொண்ட தமிழ் - ஆங்கில அகராதியை 1779-இல் வெளியிட்டார். அவ்வகராதியின் விரிந்த பதிப்பு 1897-இல் தரங்கையிலேயே அச்சாயிற்று. தரங்கையிலிருந்து சென்னைக்கு வந்த தொழில் மீண்டும் தரங்கைக்கே சென்று நிறைவெய்தியது.

ஊர்ப்பெயரும் சொற்காக்கும் கருவியே. தரங்கையை அடுத்த பொறையாற்றின் அருகே கடுதாசிப்பட்டறை என்னும் இடமுண்டு. மிஷன் அச்சகத்திற்கு வேண்டிய காகிதம் செய்ய ஆங்கே ஒரு பட்டறை நிறுவப்பட்டிருந்தது. பட்டறை மறைந்து நெடுங்காலமாயிற்று. பெயர் மட்டும் நின்று, நடந்ததைக் கூறுகின்றது.

இவ்விடத்தில் சென்னை மாநகரின் நடுவேயுள்ள சிந்தாதிரிப்பேட்டையை நினையாதிருத்தல் இயலாது. எம்மிற் சிலர் வாழும் இடம் அதுவே. ‘சின்னத் தறிப்பேட்டை’ என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவிற்று என்பர். 1734-ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பார் கவர்னராயிருந்த காலத்தில், கம்பெனியாருக்கு வேண்டிய துணியை நெய்தற்பொருட்டுக் கூவம் வளைந்தோடும் இடத்திலிருந்த சுங்குராமர் தோட்டத்தில் இப்பேட்டை வகுக்கப்பட்டது. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் எழுதுவோர், வெளுப்போர் ஆகியோர் இங்குக் குடியமர்த்தப்பட்டனர். ஆதிகேசவப் பெருமாளுக்கும் ஆதிபுரீசுவரருக்கும் அடுத்தடுத்துக் கோயில்கள் எழுந்தன. 1847-இல் அமெரிக்க மிஷனார் இங்கே ஓர் ஆலயம் எழுப்பினர். தரங்கை ஆலயத்தைப் போலவே அதன் பெயரும் சீயோன் என்பது. அம்மிஷனைச் சேர்ந்த வின்சுலோ ஐயர் 67,000-க்கு மேற்பட்ட சொற்கள் கொண்ட தமது பேரகராதியை 1862-இல் சென்னையில் வெளியிட்டார்.

ஆதலின், துணி வாணிகத்தின்பொருட்டு வந்த ஐரோப்பியக் கம்பெனிகளோடு தொடர்புடைமையிலும், தெரு வகுத்து அமைக்கப்பட்டமையிலும், கோயிலும் ஆலயமும் அணித்தே நிற்பதிலும் தரங்கையும் தறிப்பேட்டையும் தமக்கை தங்கையர் போல்வன. ஆனால் ஒன்றைக் காண 280 கிலோமீட்டர் செல்கின்றோம். மற்றொன்றைப் பறக்கும் இரயிலின் சாளரத்தினூடே கண நேரம் நோக்கி அப்பாற் செல்கின்றோம். தரங்கையை வறுமை காத்தது. தறிப்பேட்டையையோ நகரின் வளம் நாள்தோறும் விழுங்கி வருகின்றது. தறியொலி அடங்கிப் பல தலைமுறைகள் ஆயின. இன்று அங்கே மீன் சந்தையும் பலவகைக் கடைகளும் மலிந்துள்ளன. எனினும் குறுந்தெருக்கள் சிலவற்றில் திண்ணையும் மரத்தூணும் உடைய வீடுகள் ஒன்றிரண்டு இன்னும் நிற்கின்றன. மரவிட்டங்களின்மீது மெல்லிய சிறு செங்கற்களைக் குறுக்காக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்திட்டு அமைத்த பழைய சென்னைத் தளத்தையும் சில வீடுகளிற் காணலாம். ஒருநாள் காலையிற் செல்லும்போது நின்ற வீடு, மறு திங்கள் செல்லும்போது தகர வேலி சூழ்ந்த வெற்றிடமாகக் கிடக்கின்றது.

எம் கூற்றுக்குத் தடை கூறுவார் உளர். அவர்தம் தடைகளையும் ஈண்டு ஆராய்தல் முறையாம்.

‘பழைய வீட்டில் வாழ்வாரின் துன்பம் உமக்குத் தெரியுமோ? கூரை ஒழுகுகின்றது; விட்டத்தைச் செல் அரிக்கின்றது; உடன்பிறந்தார் நால்வருக்குப் பங்கிட இடம் போதவில்லை. இடித்துக் கட்டாது என் செய்வது?’ என்பது முதல் தடை. இதில் உண்மையுண்டு. தம் வீட்டில் எவ்வாறு வாழ வேண்டும் என்று பிறருக்குக் கட்டளையிட எமக்கு உரிமையில்லை. வழிப்போக்கர் கண்டு களித்தற்பொருட்டு ஒரு குடும்பம் ஒழுகும் கூரையின்கீழ் வாழ வேண்டும் என்பது அறமுமன்று. ஆகவே ‘இடியாதீர்’ என்று யாம் கூறவில்லை. ‘இடிக்குமுன் ஒருநாள் எம்மை உள்ளே வரவிடுக, அளந்து, வரைந்து, பெயர் கேட்டு எழுதிக்கொள்கின்றோம்’ என்றே வேண்டுகின்றோம்.

‘இஃது அரசினர் கடமையன்றோ?’ என்பது இரண்டாவது தடை. மரபுக் கட்டிடங்களைக் காத்தற்குரிய ஆணையம் அமைக்கத் தமிழ்நாட்டிற் சட்டம் 2012-இலேயே இயற்றப்பட்டது. சட்டம் வேண்டுவதே. ஆயினும் மாளிகையும் மன்றமும் பட்டியலில் இடம்பெறுதல் எளிது; பெயரில்லாத தறிக்காரர் ஒருவரின் ஒட்டுத்திண்ணைக்கு அங்கே இடங்கிடைத்தல் அரிது. மேலும், சட்டம் கல்லையும் மரத்தையும் காக்கலாம். அக்கல்லுக்கும் மரத்துக்கும் பாட்டி வழங்கிய பெயரைச் சட்டம் எங்ஙனம் காக்கும்?

‘அகராதிகள் பல உளவே, சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1939 வரை வெளியிட்ட லெக்சிகன் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்துளதே’ என்பது மூன்றாவது தடை. அப்பெருநூலுக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆயினும் கொத்தனார் வாயிலும் தச்சர் வாயிலும் வழங்கி ஏட்டிலேறாத சொற்கள் இன்னும் உள. ஏறிய சொற்களுக்கும் படமில்லை, அளவில்லை, எத்தெருவில் எவ்வீட்டில் அச்சொல் எவ்வுறுப்பைக் குறித்தது என்னும் குறிப்பில்லை. பொருளைக் காட்டாத சொல் நாளடைவில் பண்டிதர்க்கு மட்டும் உரிய புதையலாகிவிடும்.

இனிச் செய்யத்தக்கது யாதெனின், இரண்டு கூறுவோம். முதலாவது, நம் கலாசாலைச் செலவுகளின் முறை மாறுதல் வேண்டும். ஒரு நாளில் ஐந்து ஊர் காண்பதினும், ஓரூரில் அரை நாள் நடந்து காண்பது மேல். தரங்கையில் இறங்குவோர் கோட்டை வாயிலோடு அமையாது இராஜ வீதியினின்று பொற்கொல்லர் தெருவரை கால்நடையாகச் செல்க. ஒவ்வொரு மாணவனும் ஓர் உறுப்பின் பெயரையேனும் அவ்வூரார் ஒருவரிடம் கேட்டறிந்து, அவ்வுறுப்பைக் கையால் வரைந்து வருக. கைப்பேசிப் படம் கண நேரத்தில் எடுக்கப்படும்; கையால் வரைபவனோ தூணைத் தலைமுதல் அடிவரை நோக்கியே ஆதல் வேண்டும்.

இரண்டாவது, சிந்தாதிரிப்பேட்டையில் தொடங்கி, நகரின் பழைய பேட்டைகளில் எஞ்சிய வீடுகளுக்கு ஒரு சொற்கணக்கு எடுத்தல் வேண்டும். வீட்டிற்கு ஓர் ஏடு போதும். வீட்டார் இசைவு பெற்ற பின்னரே உட்புகுதல் வேண்டும். அவர்தம் பெயரை வெளியிடுதல் வேண்டா. தெரு, வீட்டின் அமைப்பு, உறுப்புக்களின் பெயர், அப்பெயரைக் கூறியவர் கொத்தனாரோ தச்சரோ வீட்டு முதியவரோ என்னும் குறிப்பு, ஒரு வரைபடம் ஆகிய இவ்வளவே அதில் வேண்டுவன. வரலாற்று மாணவர் ஆண்டு காண்க, கணித மாணவர் அளவெடுக்க, தாவரநூல் மாணவர் மரத்தின் இனம் அறிக, யாம் சொல்லெழுதுவோம். ஏடுகள் நம் நூலகத்தில் தங்குக. ஆண்டுதோறும் இவ்விதழில் அவற்றினின்று சில பக்கம் வெளிவருக. பழைய மாணவர்களுள் இப்பேட்டையிற் பிறந்து வளர்ந்தோர் உளராயின், தம் பிள்ளைப் பருவத்து வீட்டின் உறுப்புக்களை நினைவுகூர்ந்து எழுதியனுப்புவாராக. விளக்கேற்றிய பிறை எங்கிருந்தது, மழைநீர் வழிந்த தூம்புக்கு என்ன பெயர், திண்ணையில் இரவில் யார் படுத்தனர் என்னும் செய்திகள் இன்னும் சில ஆண்டுகளில் எந்த நூலகத்திலும் கிடையா.

தோழர்காள்! இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓரேடும் எழுதுகோலும், ஒரு சனிக்கிழமைக் காலையும், பெரியோரிடம் பணிந்து கேட்கும் நாவும் இருப்பின் அமையும். மணலில் எழுதித் தமிழ் கற்ற அயல்நாட்டார் ஒருவர் நம் சொற்களைத் தொகுக்கும் தொழிலை முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே மேற்கொண்டார். நம் தாய்மொழியின் வீட்டுச்சொற்கள் நம் தெருக்கோடியிலேயே கேட்பாரின்றி மறைய விடுவது நமக்குத் தகுமோ? வரும் திங்கள் முதற் சனிக்கிழமையன்று அருணாசலம் தெருவிலிருந்து இப்பணியைத் தொடங்க எம் வகுப்பினர் உறுதி கொண்டுள்ளோம். உடன்வர விழைவோர் தம் பெயரைத் தமிழ்த்துறை அறிக்கைப் பலகையில் எழுதுவாராக.